காபி வேண்டாம் என்ற இருவர்

நேற்று ராத்திரி வீடியோ காலில் இருவரையும் பார்த்தேன். 2009-ல் கோவையில் எனக்குப் பாடம் சொல்லி, தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுத்த மார்மன் ஊழியர்கள். ஒருவர் ராஜமுந்திரி, இன்னொருவர் டெல்லி. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டை, எங்கே போனாலும் ஜோடி. இரண்டு வருஷ ஊழியம், சம்பளம் கிடையாது.

அம்மா ஆற்றி நீட்டிய ஃபில்டர் காபியை முதல் நாளே மறுத்தார்கள். அந்தச் சபையில் காபி, டீ இரண்டுக்கும் தடை. அம்மாவுக்கு மதமாற்றத்தைவிட அதுதான் பெரிய மனக்குறை. எனக்கும் விசுவாசம் சீக்கிரம் வந்துவிட்டது. காபியை விடத்தான் பட்ட பாடு!

இப்போது ஒருவருக்கு முன்வழுக்கை. தமிழில் இன்னும் மறக்காமல் சொன்னது, "போதும்மா."

எட்டிப் பார்த்த அம்மா, "இப்பவாச்சும் காபி குடிப்பாங்களாடா?" என்றாள்.

ஜனவரியில் இருவரும் வீட்டுக்கு வருகிறார்கள். மோர்தான்.