ஏழு பவுன் கம்ப்யூட்டர்

போன வாரம் பரண் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய கோணிப்பை கிடைத்தது. உள்ளே பச்சை நிறத்தில் ஒரு மதர்போர்டு, துருப்பிடித்த இரண்டு ஸ்க்ரூ, மடித்து வைத்த ஒரு நோட்டுத்தாள். தாளில் என் மகளின் கையெழுத்து. 1999-ல் நாங்கள் வாங்கிய முதல் கம்ப்யூட்டரின் எஸ்டிமேட் அது. அந்தக் கம்ப்யூட்டர் பற்றி இருபத்தைந்து வருஷமாக நான் எல்லோரிடமும் ஒரு மாதிரி சொல்லி வந்திருக்கிறேன். அதில் ஒரு திருத்தம் உண்டு. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

அப்போது நான் இங்கே வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். மகள் திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். மாலையில் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவாள். கட்டணம் தவறாமல் வாங்குவார்கள். மெஷின் மட்டும் மூன்று பேருக்கு ஒன்று. அவள் முறை வரும்போது பெரும்பாலும் கரண்ட் போய்விடும். "அப்பா, வீட்ல ஒண்ணு இருந்தா நானே கத்துக்குவேன்" என்று ஒருநாள் சொன்னாள். கம்பெனி பெயர் போட்ட கம்ப்யூட்டர் அப்போது நாற்பதாயிரத்துக்கு மேல். "முதல்ல டிகிரியை முடி" என்று சொல்லிவிட்டு நான் பேப்பர் படிக்கப் போய்விட்டேன்.

அவள் விடவில்லை. எதிர் வீட்டுப் பையன் பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருஷம். அவனிடம் கேட்டுக் கேட்டு எழுதியதுதான் இந்தத் தாள். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே மாட்டினால் பாதி விலை என்று அவன் சொல்லியிருக்கிறான். ஆகஸ்ட் மாத விலை அப்படியே இருக்கிறது, பாருங்கள்:

செலரான் 366 பிராசஸர் – 3,100
810 மதர்போர்டு – 4,600
ராம் 64 எம்.பி. – 2,600
ஹார்டு டிஸ்க் 4.3 ஜி.பி. – 4,700
14 இன்ச் கலர் மானிட்டர் – 5,500
கேபினெட் – 1,100
கீபோர்டு – 550
மவுஸ் – 150
ஃபிளாப்பி டிரைவ் – 600
சி.டி. டிரைவ் – 1,800
மொத்தம் – 24,700

அந்த 810 என்பது இன்டெல் அந்த வருஷம்தான் கொண்டுவந்த சிப்செட். படம் காட்டுவதற்கும் சத்தத்துக்கும் தனித்தனி கார்டு வாங்க வேண்டாம். எல்லாம் போர்டிலேயே இருக்கும். அதிலேயே சில ஆயிரம் மிச்சம் என்று எனக்கு வகுப்பே எடுத்தாள்.

தாளை என் மனைவி வாங்கிப் பார்த்தாள். மற்றதெல்லாம் புரிந்ததோ என்னவோ, கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

பத்து நாள் கழித்து ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இருபத்தைந்தாயிரம் ரூபாய். தெருவில் அவள் சேர்ந்திருந்த சீட்டுப் பணம். மாதம் 1,250 வீதம் இருபது மாதம் கட்டியது. எல்லாம் ஜாக்கெட் தைத்த காசு. ஒரு ஜாக்கெட்டுக்கு அப்போது கூலி இருபத்தைந்து ரூபாய். ஆயிரம் ஜாக்கெட் என்று கணக்கு. அந்தப் பணம் எதற்கென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகளுக்கு வளையல். பவுன் அப்போது மூவாயிரத்து ஐந்நூறுக்குள் இருந்தது. ஏழு பவுன் வரும்.

"வளையலுக்கு வெச்சது ஆச்சே?" என்றேன்.

"வளையல் கைலதாங்க இருக்கும். கைக்கு வேலை வேணாமா?" என்றாள்.

எனக்குப் பதில் தோன்றவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

தேர்தல் வேலை, அலுவலக வேலை என்று ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. ஆயுத பூஜைக்குள் வாங்கிவிட வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்டோபரில், நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை முடிந்த அந்த வாரம், வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு விடியற்காலை பஸ்ஸில் நானும் மகளும் புறப்பட்டோம். செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பாரிமுனை. கோயம்பேடு பஸ் நிலையம் வராத காலம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காசினோ தியேட்டர் பக்கம் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தோம்.

ரேடியோ கேட்ட தலைமுறைக்கு ரிச்சி தெரு தெரியும். ஒரு காலத்தில் ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பெயர் போன இடம். நாங்கள் போனபோது வால்வும் கண்டன்சரும் இருந்த கடைகளில் கம்ப்யூட்டர் அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நடக்க இடமில்லை. நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். மகள் தாளை நீட்டிக் கடை கடையாக விலை கேட்டாள்.

எல்லாம் எஸ்டிமேட்டுக்குப் பத்து இருபது முன்பின்னாக இருந்தது. ராமில் வந்தது வினை. 64 எம்.பி. 5,400 என்றார்கள். ஆகஸ்டில் 2,600. இரண்டு மடங்குக்கு மேல்.

"என்னப்பா, ஊர்க்காரங்கன்னு பார்த்துச் சொல்றியா?" என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"தைவான்ல பூகம்பம் சார். பேப்பர் பாக்கலியா? எந்தக் கடைக்குப் போனாலும் இதே ரேட்டுதான்" என்றார் கடைக்காரர்.

தைவானில் பூமி அதிர்ந்ததற்கும் வேங்கிக்கால்காரன் பாக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1999 செப்டம்பர் 21 அதிகாலையில் அங்கே பெரிய நிலநடுக்கம். இரண்டாயிரத்துக்கு மேல் மக்கள் இறந்தார்கள். சிஞ்சு என்ற ஊரில்தான் சிப் தொழிற்சாலைகள் நிறைய. கட்டடங்கள் நின்றாலும் கரண்ட் போய் வேலை நின்றுவிட்டது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த ராம் விலை உலகம் முழுக்கத் துள்ளிவிட்டது. கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. நான் பேசியதுதான் தப்பு.

தெரு முனையில் டீக்கடையில் உட்கார்ந்து அப்பாவும் பெண்ணும் கணக்குப் போட்டோம். 64 வாங்கினால் மொத்தம் 27,500. முடியாது. 32 எம்.பி. 2,700. அது போதுமா என்று கேட்டேன். "விண்டோஸ் 98-க்கு 16 இருந்தாலே ஓடும்னு போட்டிருக்காங்க. மெதுவா ஓடும், பரவால்ல. பூகம்ப விலை எப்பவும் இருக்காதுப்பா. இறங்கினதும் இன்னொரு 32 போட்டுக்கலாம், போர்டுல இடம் இருக்கு" என்றாள். பத்தொன்பது வயசுப் பெண் பேசிய பேச்சா என்று பார்த்தேன்.

அப்படியும் 24,800 வந்தது. வழிச்செலவு இருக்கிறது, நம் ஊர் வோல்டேஜுக்கு ஏதாவது பாதுகாப்பு வேண்டும் என்று எதிர் வீட்டுப் பையன் சொல்லி அனுப்பியிருந்தான். யு.பி.எஸ். வாங்க வழியில்லை. கடைசியில் சி.டி. டிரைவை அடித்துவிட்டோம். 23,000-க்கு மற்றதெல்லாம் வாங்கினோம். திரும்பும்போது மானிட்டர் என் மடியில், கேபினெட் அவள் காலடியில். ஹார்டு டிஸ்க்கை மட்டும் துப்பட்டாவில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தாள். செஞ்சிக் கோட்டை தாண்டும்போது என் கால் மரத்துப்போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்து மாட்டினார்கள். பையன் சொல்லச் சொல்ல மகள்தான் மாட்டினாள். பிராசஸரின் அடியில் 370 ஊசிக் கால்கள். "அழுத்தக் கூடாது, லீவரைத் தூக்கிட்டுச் சும்மா வெச்சா அதுவா உக்காரணும்" என்றான். அவள் வைத்தாள், உட்கார்ந்தது. மேலே ஃபேனைக் கிளிப் போட்டு மாட்டும்போதுதான் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. ஸ்க்ரூ டிரைவர் நழுவினால் போர்டு போச்சு. என் மனைவி அடுப்படி வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

ஸ்விட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை. 'பீ... பீ...' என்று நீளமாக ஒரு சத்தம் மட்டும் விடாமல் வந்தது. என் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆயிரம் ஜாக்கெட் கண்முன்னால் வந்து போனது. மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

பையன் பதறவில்லை. "ராம் சரியா உக்காரல சார்" என்றான். கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்து, மறுபடி 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கச் சொன்னான். ஒரே ஒரு 'பீப்'. திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

சி.டி. டிரைவ் இல்லாமல் விண்டோஸ் எப்படிப் போடுவது? பையன் நண்பனிடம் ஒன்றை ஒருநாள் கடன் வாங்கி வந்தான். சி.டி.யில் இருந்ததை முழுவதும் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பிறகு ஹார்டு டிஸ்க்கிலிருந்தே போட்டார்கள். லைசென்ஸ் என்று ஒன்று உண்டு என அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆயுத பூஜை அன்று மனைவி ஈரக் கையோடு சந்தனம் குங்குமம் வைக்க வந்தாள். கேபினெட்டைத் தொட்டதும் 'ஐயோ' என்று கையை உதறினாள். சுரீர் என்று ஷாக். எங்கள் வீட்டில் மூன்று பின் பிளக் பாயின்ட் இருந்ததே தவிர, அந்த மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே கிடையாது. வீடு கட்டும்போது மிச்சம் பிடித்தது நான்தான். எர்த் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, வரும் வோல்டேஜில் ஏறக்குறைய பாதியை இரும்புப் பெட்டியின் உடம்பில் கொண்டுவந்து நிறுத்தும். ஓடும் கரண்ட் கொஞ்சம்தான், ஆனால் நல்லதில்லை. போர்டுக்கும் ஆபத்து என்று எலக்ட்ரீஷியன் சொன்னார்.

வீட்டுப் பின்னால் குழி வெட்டினோம். மூன்றடியில் கடப்பாரை 'டங்' என்றது. மலையடிவார ஊரில் பாறைக்குப் பஞ்சமா? பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் பக்கமாக மாற்றி வெட்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கி மூடினோம். அதற்கும் ஒயருக்கும் ஒரு பழைய ஸ்டெபிலைசருக்கும் சேர்த்து, சி.டி. டிரைவ் வாங்காமல் மிச்சம் பிடித்த பணம் சரியாகப் போய்விட்டது. பாதி மண்ணுக்குள். இன்றைக்கும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அந்த எர்த்தில்தான் ஓடுகின்றன. அன்று வாங்கியதில் இன்னும் வேலை செய்வது அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் ஆறு வருஷம் உழைத்தது. மகள் ஆசிரியர்களுக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுத்தாள். அந்தக் காசில் 2001-ல் இன்னொரு 32 எம்.பி. ராமும் சி.டி. டிரைவும் அவளே வாங்கினாள். அவள் சொன்னபடி ராம் விலை அதற்குள் சரிந்திருந்தது. அவள் டிகிரி முடித்த நேரம் ஐ.டி. கம்பெனிகளில் ஆள் எடுப்பது குறைந்துவிட்டது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். அமெரிக்கா போகவில்லை, பெரிய சம்பளமும் இல்லை. ஆனால் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதம்கூட அவள் யாரிடமும் கை நீட்டியதில்லை.

2004-ல் கல்யாணம். பவுன் ஐயாயிரத்தை நெருங்கியிருந்தது. ஜி.பி.எஃப்.-ல் கடன் போட்டு நாலு பவுனில் வளையல் செய்தேன். சொந்தக்காரப் பெண்மணி ஒருவர், "சீட்டு கட்டினியே, அந்த ஏழு பவுன் எங்கே?" என்று மண்டபத்திலேயே என் மனைவியைக் கேட்டார். "அது மாடி ரூம்ல டேபிள் மேல இருக்குக்கா" என்றாள் அவள். ஏழு பவுன் இன்று என்ன விலை என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போட்டுப் பார்த்தேன். எழுத மனம் வரவில்லை.

இனி அந்தத் திருத்தம். அலுவலகத்தில், சொந்தத்தில், ஏன், சம்பந்தி வீட்டிலும்கூட, "என் பொண்ணுக்கு அந்தக் காலத்திலேயே கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். பில் என் பெயரில் இருந்தது. மனைவி பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. வாங்கிக் கொடுத்தது அவள். நான் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மிஷினில் பேத்தியின் பாவாடை தைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "சீட்டு இருபது மாசம் இல்லீங்க, இருபத்தஞ்சு மாசம். மாசம் ஆயிரம். அதையாவது சரியா எழுதுங்க" என்றாள்.