பங்கும் உரிமையும்

அமெரிக்காவுக்குப் புதிதாக வரும் எங்கள் ஆட்களிடம் வீடு, வேலை, கார் எல்லாவற்றையும் விசாரித்த பிறகு, "இன்சூரன்ஸ் எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். இலங்கையின் ஹல்துமுல்லையில் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வியின் கனம் முதலில் விளங்கவில்லை. எங்கள் ஊரில் காய்ச்சல் கண்டால் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போவோம். அதில் அடங்காவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரி. அதற்கும் மிஞ்சினால் தியத்தலாவை, பிறகு பதுளைப் பெரியாஸ்பத்திரி. மேட்டு லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, நோயாளியை ரோட்டுக்கு இறக்கிக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. கொழுந்து லொறி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டால் கட்டணம் என்று ஒருவரும் கை நீட்டமாட்டார்கள். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் 1951இலிருந்து பெரும்பாலும் அப்படித்தான்.

இங்கே என் கணவர் சொந்தமாக ட்ரக் ஓட்டுகிறார். நான் முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கிறேன். அமெரிக்காவில் பெரும்பாலானோருக்குக் காப்புறுதி கிடைப்பது வேலை கொடுப்பவர் மூலம். எங்கள் இரண்டு வேலையிலும் அது இல்லை. மாதக் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப் போயிருந்த நேரத்தில், எங்கள் தமிழ்ச் சபையில் நாகர்கோவில்காரர் ஒருவர் சொன்னார்: "சிஸ்டர், நாங்க எல்லாரும் கிறிஸ்தவப் பகிர்வுத் திட்டத்துலதான் இருக்கோம். மாசாமாசம் கட்டுறது இன்சூரன்ஸ்ல பாதிகூட வராது."

அந்தத் திட்டங்களின் வேர் பழையது. ஆமிஷ், மெனோனைட் சபையார் பல தலைமுறைகளாக ஒருவர் வைத்தியச் செலவை மற்றவர்கள் சேர்ந்து ஏற்று வந்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தை ஊர் கடந்து, சபை கடந்து விரித்தவை இன்றைய அமைப்புகள். ஒஹாயோவில் 1980களின் தொடக்கத்தில் ஒரு செய்திமடலாகப் பிறந்ததுதான் இன்றைய கிறிஸ்டியன் ஹெல்த்கேர் மினிஸ்ட்ரீஸ். 1990களில் மெடி-ஷேரும் சமாரிட்டன் மினிஸ்ட்ரீஸும் வந்தன. கலாத்தியர் நிருபம் ஆறாம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தையே தங்கள் அடித்தளமாக இவை காட்டுகின்றன. சேருகிறவர் விசுவாச அறிக்கையை ஏற்க வேண்டும், புகைக்கக் கூடாது. மாதந்தோறும் ஒரு பங்குத் தொகை கட்ட வேண்டும். நோய் வந்தால் முதலில் ஒரு குறிப்பிட்ட தொகையை நோயாளியே ஏற்றுக்கொண்டு, மீதிப் பில்லை அனுப்புவார். அமைப்பின் விதிகளுக்குள் வந்தால் மற்றவர்களின் பங்கிலிருந்து பணம் வரும். சமாரிட்டனில் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் நேரடியாகப் பணம் அனுப்பிக்கொள்வது வழக்கம்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கம்தான் நினைவுக்கு வந்தது. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் மாதாமாதம் ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கும் மற்றச் செலவுக்கும் சங்கத்திலிருந்து காசு வரும். பணத்தோடு ஆட்களும் வருவார்கள். விறகு ஒருவர், தேத்தண்ணிக்குச் சீனி ஒருவர், குழி வெட்ட நாலு இளந்தாரிகள். "இன்னைக்கு அவுங்க வீடு, நாளைக்கு நம்ம வீடு" என்பார் அப்பாயி. கோயிலுக்குப் போகும் குடும்பமும் சர்ச்சுக்குப் போகும் குடும்பமும் ஒரே லயத்தில், ஒரே சங்கத்தில் இருந்தோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவளுக்குப் பகிர்வுத் திட்டம் அந்நியமாகத் தெரியவில்லை. சேர்ந்தோம்.

அதில் கிடைத்த நன்மையை நான் மறைக்கமாட்டேன். மகள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, எங்கள் பங்கு போக மீதிச் செலவு முழுவதும் வந்து சேர்ந்தது. கூடவே முன்பின் தெரியாத குடும்பங்களிடமிருந்து ஜெப அட்டைகள் வந்தன. ஒரு குழந்தை வானவில் வரைந்து அனுப்பியிருந்தது. உற்றார் இல்லாத ஊரில் நம் பிள்ளைக்காக யாரோ மன்றாடுகிறார்கள் என்ற எண்ணம் கொடுத்த தெம்பு பெரியது.

ஆனால் எங்கள் சபையிலேயே வேறொரு குடும்பத்துக்கு நேர்ந்தது வேறு. அந்த வீட்டு அண்ணனுக்கு ஏற்கெனவே சர்க்கரை வியாதி. அதோடு தொடர்புடைய சிறுநீரகக் கோளாறு வந்தபோது, சேருவதற்கு முன்பிருந்த நோய் என்று அவர்கள் பில் ஏற்கப்படவில்லை. விதிப்புத்தகத்தில் அது எழுதித்தான் இருந்தது. மேல்முறையீடு செய்தார்கள், மன்றாடினார்கள். கடைசியில் கடன்தான் மிஞ்சியது.

காப்புறுதிக்கும் பகிர்வுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது. ஒபாமாகேர் என்று மக்கள் சொல்லும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2014 முதல் காப்புறுதி நிறுவனங்கள் முன்பிருந்த நோயைக் காட்டி ஒருவரை மறுக்கவோ அவரிடம் கூடுதலாக வாங்கவோ முடியாது. அத்தியாவசியச் சிகிச்சைகளுக்கு உச்சவரம்பும் வைக்க முடியாது. பகிர்வு அமைப்புகளை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது. நாங்கள் காப்புறுதி அல்ல, பணம் தருவதாக உறுதி கூறவில்லை என்று அவை தங்கள் பத்திரங்களிலேயே எழுதுகின்றன. வழக்கமான உடற்பரிசோதனை, மனநலச் சிகிச்சை, நீண்டகால மருந்துகள் போன்றவை பல திட்டங்களில் பங்கிடப்படுவதில்லை, அல்லது ஓரளவுதான் பங்கிடப்படுகின்றன. திருமணத்துக்கு வெளியே உண்டான கர்ப்பத்தின் செலவையும் பல அமைப்புகள் ஏற்பதில்லை.

காப்புறுதி எடுக்காதவர்களுக்கு அபராதம் இருந்த காலத்தில், 1999 டிசம்பர் 31ஆம் திகதியிலிருந்து தொடர்ந்து இயங்கும் பகிர்வு அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு அதே சட்டம் விலக்கு அளித்தது. 2019இலிருந்து மத்திய அரசின் அபராதத் தொகையே பூச்சியம். இந்தச் சூழலில் பழைய அமைப்புகளுக்கு அருகில் புதியவையும் முளைத்தன. 2018இல் தொடங்கப்பட்ட டிரினிட்டி ஹெல்த்ஷேர் பின்னர் ஷாரிட்டி மினிஸ்ட்ரீஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதை நடத்திக்கொடுத்தது அலியேரா என்ற வணிக நிறுவனம். பல மாநிலங்களின் காப்புறுதி அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தபின், 2021 ஜூலையில் ஷாரிட்டி திவாலானது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் செலுத்தப்படாத பில்களோடு நின்றன. பழைய அமைப்புகள் எல்லாம் இப்படி என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் அப்படி ஒன்று விழுந்தால் உறுப்பினரைத் தாங்கிப்பிடிக்க, காப்புறுதிக்கு மாநிலங்கள் வைத்திருக்கும் உத்தரவாத நிதி போன்ற ஏற்பாடு இங்கே இல்லை.

எங்கள் மரண உதவிச் சங்கம் நன்றாக நடந்ததற்குக் காரணம் எங்கள் அன்பு மட்டுமல்ல என்பதை இந்த நாட்டில்தான் விளங்கிக்கொண்டேன். சங்கம் சாவுச் செலவைத்தான் சுமந்தது. சிறுநீரகத்தையும் இருதயத்தையும் புற்றுநோயையும் அது சுமக்கவில்லை. அவற்றைப் பதுளை ஆஸ்பத்திரி சுமந்தது, நாடு சுமந்தது. கொழுந்து பறிப்பவர்களின் சில்லறைக் காசில் ஒரு சத்திரசிகிச்சைக்குக்கூடக் கட்டியிருக்க முடியாது. இலவச வைத்தியம் என்ற தளத்தின் மேல்தான் எங்கள் பகிர்தல் நின்றது. அமெரிக்காவிலோ அந்தத் தளமே இல்லாத இடத்தில் பகிர்தலைத் தளமாக்கப் பார்க்கிறார்கள்.

பகிர்தல் மட்டும் போதாது என்பதை எங்கள் பிரதேசம் கொடூரமாகவும் கற்றிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. செய்தி பரவியதும் அரிசியும் உடுப்பும் எங்கெங்கிருந்தோ வந்து குவிந்தன. யாரும் யாருடைய சாதியையும் மதத்தையும் கேட்கவில்லை. ஆனால் பாதுகாப்பான காணியும் வீடும் அந்த அன்பினால் கிடைக்கவில்லை. அரசாங்கம் அசையும்வரை மக்கள் முகாமில் காத்திருந்தார்கள். பசித்தவனுக்கு அன்றைய சோற்றை அயலவர் கொடுக்கலாம். நாளைக்கும் உண்டு என்ற உறுதியைச் சட்டம்தான் கொடுக்க முடியும்.

நாங்கள் இப்போது பகிர்வுத் திட்டத்தை விட்டு, அரசின் காப்புறுதிச் சந்தையில் திட்டம் எடுத்திருக்கிறோம். எங்கள் வருமானத்துக்கு வரிச்சலுகை கிடைக்கிறது. பகிர்வுத் திட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதால், இரண்டின் விலையையும் ஒப்பிடும்போது இதைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். பகிர்வில் சேரத்தான் போகிறீர்கள் என்றால் விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசியுங்கள். அமைப்பு எந்த ஆண்டிலிருந்து இயங்குகிறது, அதை நடத்துவது யார், வீட்டில் இருக்கும் சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமாவுக்கு என்ன விதி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம் ஆட்களிடையே சர்க்கரை வியாதி இல்லாத வீடு அரிது.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, வெளியே வாங்கி வரச் சொன்ன நாட்களை நீங்கள் அனுபவித்தீர்கள். தோட்டத்து டிஸ்பென்சரிகளின் குறைகளும் உங்களுக்குத் தெரிந்தவையே. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி வேண்டும் என்று பிரித்தானியர் 1872இலேயே சட்டம் போட்டார்கள். அந்த வசதி முழுமையாக லயத்து வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அந்தக் குறைகளைச் சொல்லிச் சண்டை போடுங்கள், கேளுங்கள், எழுதுங்கள். ஆனால் இலவச வைத்தியமே வேண்டாம், காசு கட்டினால் தரம் வரும் என்று யாராவது பேசினால் சம்மதிக்காதீர்கள். நோயாளியிடம் பணம் இருக்கிறதா என்று முதலில் கேட்காத ஆஸ்பத்திரி உலகத்தின் மிகப் பணக்கார நாட்டில்கூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அது பதுளையில் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.