நிழல் இருக்கு... ஆனா பின்னாடி இருக்கு!

கட்டடம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கண்ணாடி பதித்த ஐ.டி. பார்க்? எஸ்கலேட்டர் வைத்த மால்? ஒரே ஒரு நாள் அதையெல்லாம் மறந்துட்டு, அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி வழியா நரிக்குடி போற பஸ்ல ஏறி உட்காருங்க. ஜன்னல் சீட் கிடைச்சா லக்கி.

'அங்க பார்க்க என்ன இருக்கு?' என்கிறீர்களா? சீமைக்கருவேலம், கரிமூட்டப் புகை, மழைக்குக் காத்திருக்கும் கண்மாய், மறுபடியும் சீமைக்கருவேலம். நடுநடுவே பளிச் பெயின்ட்டில், பெரிய பெரிய எழுத்தில் பெயர் எழுதிய அரசுக் கட்டடங்கள். சிவில் இன்ஜினீயரிங் மூணாம் வருஷம் படிக்கிற எனக்கு அதுதான் டூரிஸ்ட் ஸ்பாட். வாங்க, சுத்திக் காட்டுறேன்!

மருது வீட்டு விருந்து

திருச்சுழியில் பாதி பேர் இறங்கிவிடுவார்கள். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர், பெரிய சிவன் கோயில் என அதற்கு ஏற்கெனவே வி.ஐ.பி. அந்தஸ்து. நீங்கள் இறங்காதீர்கள். நரிக்குடி பக்கத்தில்தான் முக்குளம் இருக்கிறது. மருது சகோதரர்கள் பிறந்த மண். நரிக்குடியிலேயே அவர்கள் பெயர் சொல்லும் பழைய சத்திரம் ஒன்று உண்டு. 1801 அக்டோபர் 24-ம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டவர்கள் அவர்கள். அப்படியானால் இந்தச் சத்திரத்தின் வயசை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரத்துக்கு நடந்தே போன காலம் அது. காசியில் இருந்து கிளம்பி வருகிறவனுக்கு இந்த வறண்ட பூமியில் ஒரு ராத்திரி தங்க இடம் வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாதைகளில் சத்திரங்கள் முளைத்தன. அந்தக் காலத்துச் சத்திரங்களின் பிளானைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். முதலில் திண்ணை. உட்கார யாரிடமும் பர்மிஷன் கேட்க வேண்டாம். அடுத்து, செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த தடிமனான சுவர். பகல் வெயில் அதற்குள் மெதுமெதுவாகத்தான் நுழையும். நடுவில் முற்றம். சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும். பக்கத்தில் கிணறோ, ஊருணியோ கட்டாயம் இருக்கும்.

வருகிறவன் யார், எந்த நேரத்தில் வருவான், வந்ததும் முதலில் என்ன கேட்பான்? இந்த மூணு கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் கொத்தனார் கரண்டியைத் தொட்டிருக்கிறார். இன்ஜினீயரிங் காலேஜ் இல்லாத காலத்தில்!

ஸ்காட்லாந்தில் ஒரு நிழற்குடை

இப்போ ஒரு குட்டி ஜம்ப். ஸ்காட்லாந்தின் மேற்கு ஓரத்தில் டைரீ என்று ஒரு தீவு. நம்ம ஊர்ப் பெரிய கிராமத்தில் பாதி ஜனம்கூட இருக்காது. அங்கே கப்பலுக்குக் காத்திருப்பவர்களுக்காக ஒரு கட்டடம் கட்டினார்கள். பெயர் 'அன் டுராஸ்'. கேலிக் மொழியில் 'பயணம்' என்று அர்த்தம். அந்தத் தீவில் பிரச்னை வெயில் இல்லை, ஆளைத் தள்ளும் காற்று. அதனால் இரண்டு வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே காற்று படாமல் ஒரு நடைபாதை, அதன் முடிவில் கடலைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி அறை. அவ்வளவுதான் கட்டடமே. ஆனால், 2003-ல் பிரிட்டனின் பெரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்டிர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலில் பெரிய பெரிய கட்டடங்களோடு இதுவும் இருந்தது.

இன்னொன்று, எடின்பரோவில் 1996-ல் தொடங்கிய 'மேகீஸ்' மையம். புற்றுநோயாளிகளுக்கானது. பழைய குதிரை லாயத்தை மாற்றிக் கட்டினார்கள். உள்ளே நுழைந்தால் 'பேர் என்ன, டோக்கன் எங்கே' என்று கேட்கிற ரிசப்ஷன் டேபிள் கிடையாது. சமையலறை மேஜைதான் வரவேற்கும். டீ போட்டுக் குடித்துக்கொண்டே பேசலாம். நம்ம திண்ணையேதான், வேற பேரு! அதே ஸ்காட்லாந்தில் 2004-ல் திறந்த பாராளுமன்றக் கட்டடத்துக்கு 40 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. அதைச் சுற்றி எழுந்த சண்டை ஒரு தனிக்கதை. ஆக, காசு அதிகமானால் கட்டடம் நல்லதாகிவிடும் என்று அங்கேயும் யாரும் சத்தியம் செய்து தருவதில்லை.

9 அடி கூரை, 9 அடி வெயில்

சரி, நம்ம ஊருக்குத் திரும்புவோம். நரிக்குடி சுற்றுவட்டாரத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், எந்த ஊருக்கும் பொருந்தும். மத்தியானம் மூணு மணிக்கு மேல் பஸ்ஸுக்கு ஏழெட்டுப் பேர். பயணியர் நிழற்குடைக்குள் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் அதன் பின்பக்கச் சுவரை ஒட்டி, வரிசையாக!

"உள்ள உக்காந்தா வெந்துருவோம் தாயி. நெழலு இங்கிட்டுல விழுகுது!" என்றார் ஒரு பாட்டி, சுமையை இறக்காமலே.

அவர் சொன்னது சுத்தமான ஜியோமிதி. நிழற்குடை மேற்கு பார்த்து நிற்கிறது. சாயங்கால வெயில் சுமார் 45 டிகிரியில் சாய்ந்து வரும். கூரை 9 அடி உயரம் என்றால் வெயிலும் 9 அடி உள்ளே வரும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு, டான் 45 என்பது 1. உட்காரும் திண்டு எட்டடிக்குள் இருந்தால் முடிஞ்சது கதை. மெல்லிய கான்கிரீட் கூரை காலையில் இருந்து வாங்கிய சூட்டைத் தலையில் கொட்டும். பின்சுவரில் காற்று வர ஒரு ஓட்டைகூட கிடையாது. அந்தச் சுவரில் நாலு ஜாலி செங்கல், கூரையை இன்னும் கொஞ்சம் இறக்கி முன்னே இழுத்தல், மேற்கே ஒரு வேப்பங்கன்று... இதுக்கெல்லாம் எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

பூட்டுக்குப் பெயின்ட்

அடுத்த ஸ்டாப், நூலகம். 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் நூலகம் கட்டினார்கள். அருமையான ஐடியா. சில ஊர்களில் இன்றைக்கும் பிள்ளைகள் பேப்பர் படிக்கிறார்கள். சில ஊர்களில் பூட்டுக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கட்டடத்துக்குப் பணம் வந்தது. தினமும் திறக்கிற ஆளுக்கு யார் சம்பளம் தருவது என்பதில்தான் பல ஊர்களில் சிக்கல்.

இதைவிட மனசை அறுப்பது மகளிர் சுகாதார வளாகம். 2000-களின் தொடக்கத்தில் ஊராட்சிகள்தோறும் வந்தது. கழிவறை, குளியலறை, துணி துவைக்கும் கல் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம். நான் பார்த்த ஒன்றில் கதவு இருக்கிறது, குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. "தண்ணி வந்தா நாங்களே கழுவிக்கிருவோம். குடிக்கவே கொடத்தத் தூக்கிட்டு அலையிறோம், இதுக்கு எங்கிட்டுப் போக? இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கணும்" என்றார் ஒரு அக்கா. பகல் முழுக்க அடக்கிக்கொள்வதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லையாம், இந்த வெயிலில்! டிராயிங் ஷீட்டில் 'வாட்டர் கனெக்‌ஷன்' என்று ஒரு கோடு போட்டால் முடிந்துவிடுகிறது. அந்தக் கோடு தரையில் இல்லாவிட்டால் ஒரு பெண்ணின் உடம்புதான் அதற்கு வட்டி கட்டுகிறது.

சூப்பர் ஹிட் கட்டடம்

ரொம்ப சோகமாயிட்டீங்களா? இதே ஊரில் சூப்பர் ஹிட் கட்டடம் ஒன்று இருக்கிறது. நாடக மேடை! திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடக் கட்டியது. மத்த நாளெல்லாம்? காலையில் தாத்தாக்களின் ஆடுபுலி ஆட்டம், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் டியூஷன், ராத்திரி செல்போன் பார்க்கும் பசங்க. பக்கத்து உலர்களத்தில் மிளகாய் காயும், ராத்திரி அதே இடம் வாலிபால் கோர்ட். கதவு கிடையாது. அதனால் பூட்டும் கிடையாது, சாவி வைத்திருக்கும் ஆளைத் தேடி அலையவும் வேண்டாம். மூணு பக்கம் சுவர் இருந்தாலும் ஆலமரத்தை ஒட்டிக் கட்டியிருப்பதால் கூரைக்கே நிழல் விழுகிறது. சத்திரத்துத் திண்ணையின் பேரன்தான் இந்த மேடை.

எம்டனுக்கே அசராதவர்

'கட்டுறதுக்கு முன்னாடி ஜனங்களைப் பாரு' என்பது புதுசு இல்லை. பேட்ரிக் கெடஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1914-ல் நகரமைப்புக் கண்காட்சி நடத்த இந்தியா வந்தார். மெட்ராஸைக் குண்டு போட்டு மிரட்டியதே எம்டன் கப்பல், அதே எம்டன்தான் அவருடைய கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த கப்பலையும் மூழ்கடித்தது. மனிதர் அசரவில்லை. மறுபடியும் படங்களைச் சேகரித்து 1915-ல் மெட்ராஸில் கண்காட்சி நடத்திக் காட்டினார். மதுரை, தஞ்சாவூர் எல்லாம் போய், தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். 'நெரிசலா, இடிச்சுத் தள்ளி நேர் ரோடு போடு' என்று மற்றவர்கள் சொன்ன காலத்தில், 'எது நன்றாக இருக்கிறதோ அதை விட்டுவிட்டு, நோய் உள்ள இடத்தில் மட்டும் கத்தி வை' என்பது அவர் வைத்தியம். அதற்கு முதலில் நாடி பிடிக்க வேண்டும். அதாவது, நிழற்குடைக்குப் பின்னால் நிற்கும் பாட்டியிடம் பேச வேண்டும்.

இனி உங்க டர்ன்

இது நரிக்குடிப் பிரச்னை மட்டும் இல்லை நண்பர்களே. உங்கள் ஊரிலும் இதே டிசைன், இதே பூட்டு இருக்கும். ஆனால், கேட்க ஒரு இடம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் நீங்களும் அதில் உறுப்பினர். லீவுக்கு ஊருக்குப் போய்த் தூங்குகிற அந்த ஒரு நாளில், எழுந்து போய் மூணே மூணு கேள்வி கேளுங்கள். புதுசா கட்டப்போற கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்கும்? தண்ணி எங்கே இருந்து வரும்? சாவி யார் கையில் இருக்கும்?

பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை உட்காராதீங்க!