காற்றுக்கு முதுகு காட்டும் வீடு

வேனை நிறுத்திய இடம் டிரைவருக்குத் திருப்தியாக இல்லை. மறுபடி கிளப்பி, அரை வட்டம் அடித்து, வண்டியின் மூக்கு வடமேற்கைப் பார்க்கும்படி நிறுத்தினார். முதுகுப் பக்கமிருந்து காற்று அடிக்கும்போது கதவைத் திறந்தால் கீலோடு பிய்த்துக்கொண்டு போய்விடுமாம். மொழிபெயர்க்க என்னோடு வந்திருந்த கல்லூரிப் பெண் இதைச் சொல்லிவிட்டு, தலையில் இருந்த கம்பளிக் குல்லாவைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். நானும் இறங்கினேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் வாயெல்லாம் மண்.

மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. தலைநகர் உலான்பாதரிலிருந்து மேற்கே சுமார் 360 கிலோமீட்டரில் ஹர்ஹோரின் என்ற சிற்றூர். செங்கிஸ்கானின் மகன் ஒகதேய் 1235இல் மதில் எழுப்பித் தலைநகராக்கிய காரகோரம் அங்கேதான் இருந்தது. நாங்கள் போன வழியில் தார்ச்சாலை இருந்தது அதுவரைதான். அதற்கப்புறம் எந்தச் சக்கரத் தடம் பிடிக்கிறதோ அதுவே ரோடு. சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் இங்குள்ள மேய்ப்பர்களைக் ‘காற்றின் பிள்ளைகள்’ என்று எழுதியிருப்பார்கள். பின்னணியில் பச்சைப் பசேலென்று புல்வெளி, நடுவே ஒரு வெள்ளைக் குதிரை. மே மாதத் தொடக்கத்தில் போனால் பச்சை எதுவும் கண்ணில் படாது. எட்டுகிற தூரம்வரை பழுப்பு. பனி போய்விட்டது, புல் இன்னும் முளைக்கவில்லை, மண்ணைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. ஆண்டிலேயே காற்று மிக மோசமாக அடிப்பதும் இந்த வசந்த காலத்தில்தான்.

குன்றின் தென்கிழக்கு மடியில் இரண்டு கெர்கள். யர்ட் என்று நாம் படித்திருக்கும் அதே வட்டக் கூடாரம். இரண்டின் கதவும் தெற்கைப் பார்த்தே இருந்தன. நாடு முழுவதும் இதுதான் வழக்கம்; ஆயிரம் மைல் போனாலும் மேய்ப்பர் வீட்டுக் கதவு தெற்கைத்தான் பார்க்கும். வெயில் உள்ளே விழும், வடமேற்குக் காற்றுக்கு வீடு முதுகைக் காட்டும். மூலை கிடையாது என்பதால் காற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை, வழுக்கிக்கொண்டு இருபுறமும் போய்விடுகிறது. வீட்டுக்காரப் பெரியவர் எனக்குக் கைகொடுத்த கையோடு சுவரைச் சுற்றியிருந்த குதிரைமயிர்க் கயிற்றை இழுத்துப் பார்த்தார், பிறகுதான் உள்ளே கூப்பிட்டார். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டவேண்டும் என்று அந்தப் பெண் வழியிலேயே சொல்லிவைத்திருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் சத்தம் சட்டென்று அடங்கியது. ஆட்டுரோமத்தை நனைத்து உருட்டிச் செய்த கம்பளம்தான் சுவர். அதன் உட்புறம் மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய மரப்பின்னல். நடுவில் இரும்பு அடுப்பு. கூரையின் உச்சியில் தோனோ என்கிற மர வளையம், வெளிச்சமும் புகைபோக்கியும் அதன் வழியே. இரண்டு மரத்தூண்கள் அந்த வளையத்தைத் தாங்குகின்றன, அவற்றின் நடுவே யாரும் புகுந்து போகக்கூடாது. அடுப்பில் எரிவது ஆர்கல், காய்ந்த மாட்டுச் சாணம். நம்மூர் வறட்டியைப் போலத் தட்டுவதில்லை. புல்வெளியில் கிடந்து காற்றிலேயே காய்ந்ததை முதுகுக் கூடையில் பொறுக்கி வருகிறார்கள். எரியும்போது வரும் வாசனை எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை.

பெரியவரின் மனைவி பாலும் உப்பும் போட்ட தேநீரை அகப்பையால் மொண்டு மொண்டு ஆற்றினார். அன்றைக்குக் காலை போட்ட தேநீரின் முதல் பங்கு எங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது. நீண்ட பிடியும் நுனியில் ஒன்பது குழிகளும் உள்ள மரக்கரண்டி ஒன்று கதவருகே செருகியிருந்தது. விடிந்ததும் அதில் மொண்டு, வெளியே நின்று, வானத்துக்கும் திசைகளுக்கும் வீசித் தெளித்துவிட்டுத்தான் வீட்டில் யாரும் குடிப்பார்கள். “காற்று எதிரே அடித்தால் முகத்தில்தானே தெறிக்கும்?” என்று கேட்டேன். அந்தம்மா சிரித்துவிட்டார். “தெறிக்கும். துடைத்துக்கொள்வோம்.”

நான் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் தரையில் வைக்கப் போனபோது பெரியவரின் பேரன் எழுந்து வந்து, அதை வாங்கி, கட்டிலின் தலைமாட்டில் வாய்ப்புறம் கீழாக வைத்தான். பத்து வயதுகூட இருக்காது. ஒரு மனிதனின் ஹீமோரி அவனுடைய தொப்பியிலும் இடுப்புக் கச்சையிலும் இருக்கிறது; அவற்றைக் கண்ட இடத்தில் போடுவதும் தாண்டுவதும் கூடாது. குதிரை பிடிக்கிற ஊர்கா என்ற நீளக் கம்பைத் தாண்டக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

ஹீமோரி என்பது காற்றுக் குதிரை. ஒவ்வொருவருக்குள்ளும் ஒன்று உண்டு. அது நிமிர்ந்து நின்றால் எடுத்த காரியம் நடக்கும், ஆள் துடிப்பாக இருப்பான். படுத்துவிட்டால் குதிரை இடறும், ஓநாய் மந்தைக்குள் வரும், பேசுகிற பேச்சு எடுபடாது. கொடியில் அச்சடிக்கும்போது நடுவில் முதுகில் மணியைச் சுமந்த குதிரை, நான்கு மூலைகளில் புலி, சிங்கம், கருடன், டிராகன். திபெத்திலும் இதே கொடி உண்டு. பௌத்தம் வழியாக வந்த உருவம் என்பார்கள். ஆனால் வானத்தைத் தெங்கிரி என்று கும்பிட்ட பழைய புல்வெளி நம்பிக்கை அதற்கு அடியில் கிடக்கிறது. 1930களின் கடைசியில் சோவியத் ஆதரவு அரசு மடங்களை இடித்து, ஆயிரக்கணக்கான லாமாக்களைக் கொன்றது. அதன்பின் 1990வரை கொடி கட்ட எவருக்கும் துணிச்சல் வரவில்லை. பெரியவரின் தகப்பனார் ஆயுளில் ஒரு கொடி கட்டியதில்லை. தொப்பியைத் தரையில் வைத்ததுமில்லை. 1992இல் புதிய அரசியல் சட்டத்தோடு வந்த அரசுச் சின்னத்தின் நடுவில் பொன்னிறக் காற்றுக் குதிரை ஒன்று பாய்கிறது. அந்தச் சோவியத் ஆதரவு அரசு போட்ட தடை தொப்பிவரை எட்டவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

முற்பகல் முழுக்க வெள்ளாடு சீவினார்கள். பட்டிக்குள் ஒரு ஆட்டைக் கொம்பைப் பிடித்துச் சாய்த்து, மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டிப் படுக்கவைக்கிறார்கள். மருமகள் கையில் இரும்புச் சீப்பு. வளைந்த கம்பிகள் நுனியில் கொக்கி மாதிரி மடங்கியிருக்கின்றன. கழுத்திலிருந்து விலாவுக்கு இழுக்கும்போது நீளமான முரட்டு மயிர் அப்படியே நிற்க, அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு பஞ்சு மட்டும் திரண்டு வருகிறது. குளிர்காலத்துக்காக ஆடு போட்டுக்கொண்ட உள்சட்டை அது. உலகச் சந்தையில் காஷ்மீர் கம்பளி என்று விற்பதும் அதுதான். ஒரு ஆட்டில் 300 கிராம் வந்தால் நல்ல ஆடு. சீவுகிற ஆள் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காரவேண்டும், பஞ்சுப் பையின் வாயை முழங்காலால் அழுத்திக்கொள்ளவேண்டும். மருமகள் ஒரு நொடி முழங்காலை எடுத்தாள். கையளவு பஞ்சு எழும்பிப் பட்டிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. யாரும் துரத்தவில்லை. வருஷத்து ரொக்கத்தில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. அதனாலேயே ஊரெங்கும் வெள்ளாடு பெருத்துவிட்டது. வெள்ளாடு புல்லை வேரோடு கடித்து எடுக்கும்; வேர் போன மண் காற்றில் எழும்பும். காற்றை வணங்குகிறவர்களே காற்றுக்கு மண்ணையும் அள்ளிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பெரியவரிடம் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். “பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்குச் செம்மறியாடு எவ்வளவு தரும், சொல்லுங்கள்” என்றார். என்னிடம் பதில் இல்லை.

மதியம் குன்றின் மேலுள்ள ஓவோவுக்கு அழைத்துப் போனார். கல்லைக் குவித்த மேடு. நடுவில் நட்ட கம்பில் ஹதக் என்ற நீலத் துணிகள். ஆளுக்கொரு கல் போட்டு வலமாக மூன்று சுற்று. காற்றுக் குதிரைக் கொடி ஒன்றும் கட்டியிருந்தது. பாதி கிழிந்து, குதிரையின் பின்னங்கால்களைக் காணோம். புதுசு மாற்றக்கூடாதா என்றேன். கிழியட்டும் என்றுதான் கட்டுகிறோம், கிழியக் கிழியப் பிரார்த்தனை போய்ச் சேருகிறது என்றார். கல்லடுக்கின் மேல் வெளுத்துப்போன குதிரை மண்டையோடு ஒன்று இருந்தது. பெரியவர் பதினெட்டு வருஷம் ஏறிய குதிரை. பிரியமான குதிரையின் தலையைத் தரையில் கிடக்க விடுவதில்லை. காலில் மிதிபடாத உயரத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதன் கண்குழிக்குள் யாரோ ஒரு மிட்டாய் வைத்திருந்தார்கள்.

அங்கே நின்றபடிதான் அவர் மேற்கே காட்டினார். அடிவானம் இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு பட்டை. “இறங்குவோம்.” அதற்கப்புறம் அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. அறுபத்தைந்து வயது மனிதருக்குப் பின்னால் நான் மூச்சுவாங்க ஓடினேன்.

கெரில் அதற்குள் எல்லாரும் வேலையில் இருந்தார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. மருமகள் வெளியே கயிற்றை இழுத்து, தோனோவின் மேல் சதுரக் கம்பளத்தை மூடினாள். அந்தம்மா அடுப்புத் தீயை அமர்த்தினார். கூரையின் வளையத்திலிருந்து கயிறு ஒன்று தொங்குகிறது. மற்ற நாட்களில் சுருட்டிக் கூரைக் கழிகளின் நடுவே செருகி வைப்பார்கள், அதன் பெயர் சாக்தாக. இப்போது அதை அவிழ்த்துக் கீழே இழுத்து, மாவு மூட்டையில் கட்டினார்கள். மூட்டை போதாதென்று பேரனும் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். வீட்டைக் காற்று தூக்கிவிடாமல் வீட்டுக்குள்ளிருந்தே பிடித்துக்கொள்வது! அவன் சிரித்துக்கொண்டுதான் தொங்கினான். முதல் அடி விழுந்தபோது மரப்பின்னல் முழுவதும் ஒரே நேரத்தில் முனகியது. அப்புறம் சிரிப்பு இல்லை.

உள்ளே பேச்சு குறைந்திருந்தது. மனம் பரபரத்தால் எனக்கு மெல்லச் சீட்டியடிக்கிற பழக்கம் உண்டு. உதடு குவிந்ததுமே அந்தப் பெண் என் முழங்கையை இடித்தாள். கெருக்குள் சீட்டியடிப்பது காற்றைக் கூப்பிடுவது.

பெரியவரின் மகன் மட்டும் வெளியே போயிருந்தான், மோட்டார் சைக்கிளில். செம்மறிகள் கிழக்குச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தன. புயலில் மந்தை காற்றை எதிர்த்து நிற்காது. வாலைக் காட்டிக்கொண்டு காற்று போகிற போக்கில் போய்க்கொண்டே இருக்கும், பள்ளம் வந்தாலும் ஆறு வந்தாலும். வசந்தத்தில் குளிர்காலப் பட்டினி கிடந்த ஆடுகள் திரும்பி நடக்கத் தெம்பில்லாமல் அங்கேயே விழுந்துவிடும். தேடப் போகிற மேய்ப்பனின் கதியும் சில நேரம் அதுதான். 2021 மார்ச்சில் அடித்த புழுதிப் புயலில் மங்கோலியாவில் 10 பேர் செத்தார்கள். அதே புழுதி மறுநாள் பெய்ஜிங்கின் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியது. அதனால் காற்று எந்தத் திசையில் எவ்வளவு நேரமாக அடிக்கிறது என்ற கணக்கு இந்த வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரியவர் கைபேசியில் வானிலை பார்க்கிறார். அதன் பிறகு வெளியே போய்க் குதிரைகள் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றன என்றும் பார்க்கிறார். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் குதிரைகள் சொல்வதையே கேட்பாராம்.

சாயங்காலம் மகன் வந்து சேர்ந்தான். இமையில் மண், பற்களில் மண். மந்தையை ஒரு ஓடைக் கரையின் மறைவில் மடக்கி நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். அம்மா கொடுத்த கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான், படுத்தான், தூங்கிவிட்டான்.

அன்றிரவு பேச்சு சுட் பக்கம் திரும்பியது. மேய்ப்பர்கள் அடிக்குரலில் உச்சரிக்கிற சொல் இது. கோடையில் மழை பொய்த்து, பின்னால் கொடிய குளிர்காலம் வந்து கால்நடை கூட்டம் கூட்டமாகச் சாவது. ஆழமாகப் பனி மூடினால் வெள்ளை சுட்; பனியே பெய்யாமல் குடிக்க நீரில்லாமல் போனால் கறுப்பு; உருகிய பனி மறுபடி உறைந்து புல்லின் மேல் கண்ணாடியாகப் படிந்தால் இரும்பு. 2009–10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. 2023–24இல் 70 லட்சத்துக்கும் மேல். முதல் அடியில் பெரியவருடைய மூத்த மகளும் மாப்பிள்ளையும் மந்தை மொத்தத்தையும் இழந்து உலான்பாதருக்குப் போய்விட்டார்கள்.

திரும்பும் வழியில் அவர்களைப் பார்த்தேன். நாட்டின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம், கிட்டத்தட்டப் பாதிப்பேர் இந்த ஒரு நகரத்தில். வடக்கு மலைச்சரிவெங்கும் பலகை வேலிகள். ஒவ்வொரு வேலிக்குள்ளும் ஒரு கெர், அல்லது கெரும் ஒரு சிறிய வீடும். தெரு வடக்கே போனாலும் கிழக்கே போனாலும் கெரின் கதவு தெற்குப் பார்த்துத்தான். மகள் வீட்டில் அதனால் வாசல் வேலியின் பின்பக்கம் விழுந்துவிட்டது. கரிக்கட்டி மூட்டை கொண்டுவருகிறவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அவர் முணுமுணுக்கிறாராம், இவர்கள் மாற்றுவதாக இல்லை.

இங்கே குளிர்காலத்தின் தொல்லை காற்று அடிக்காததுதான். நான்கு பக்கமும் மலை. குளிர்ந்த கனத்த காற்று பள்ளத்தின் அடியில் படுத்துக்கொள்ள, அதற்கு மேலே வெதுவெதுப்பான ஓர் அடுக்கு மூடிவிடுகிறது. பத்தாயிரக்கணக்கான அடுப்புகளின் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். 2019இல் நகரத்துக்குள் பதப்படுத்தாத நிலக்கரியை எரிக்கத் தடை வந்தது. அழுத்திச் செய்த கரிக்கட்டி வந்தது. புகை குறைந்திருக்கிறது, போகவில்லை. மகளிடம் அப்பா வீட்டுப் புயலைப் பற்றிச் சொன்னேன். முதலில் மந்தையை விசாரித்தாள், பிறகு தம்பியை.

“இங்கே காற்று வந்தால் வேலிப் பலகை ராத்திரி முழுக்க அடித்துக்கொள்ளும், தூங்க முடியாது. வராவிட்டால் சின்னவனுக்கு இருமல். ஜனவரியில் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக்கூட வரிசையில் நின்றோம்” என்றாள். பள்ளி விட்டதும் பையனை ஓர்கோனுக்கு அனுப்புகிறாள். பஸ்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. தாத்தாவுக்குக் கொடுத்தனுப்பப் புதுச் சீப்பு ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள். பழையதில் இரண்டு கம்பி உடைந்துவிட்டதாம்.