கடலில் முங்கினாலும் பேன் போகாது!

ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்த கொற்கையை விட்டுக் கடல் சில கிலோமீட்டர் விலகிப்போய்விட்டது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பும் 1961-ஓடு நின்றுபோனது. பிள்ளைகள் தலையில் பேன் மட்டும் இன்னும் போனபாடில்லை. பள்ளிக்கூடம் திறந்து, ரெட்டைச் சடைகள் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தால், ஆச்சிமார் பேன் சீப்பைத் தேட வேண்டியதுதான்.

கடலில் நாலு முங்கு போட்டால் செத்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். தண்ணீருக்குள்ளும் முடியைப் பிடித்துக்கொண்டு பேன் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அது பறக்காது, தாவாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறும். சுத்தமான தலை, அழுக்குத் தலை என்று பார்க்காது. அதனால் பிள்ளையைத் திட்டுவதும், வகுப்பில் தனியாக உட்கார வைப்பதும் அநியாயம். ஆசையாக வளர்த்த முடியை மொட்டையடிக்கவும் தேவையில்லை.

ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி, வேரிலிருந்து நுனிவரை பேன் சீப்பால் வார வேண்டும். ஒருநாள் வாரினால் போதாது. மிஞ்சிய ஈர் 7 முதல் 10 நாளில் பொரிந்துவிடும். விடியுமுன் உப்பளத்துக்குக் கிளம்பும் அம்மாக்கள் ஞாயிறு, புதன் என்று வைத்துக்கொண்டு, குறைந்தது 2 வாரம் விடாமல் வாரலாம்.

அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் கேட்டு பெர்மெத்ரின் போடலாம். சுமார் 9 நாள் கழித்து இன்னொரு முறை போட வேண்டியிருக்கும். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து கூடவே கூடாது. ஒன்று தீப்பிடிக்கும், மற்றது விஷம்.

முக்கியமாக, வீட்டில் எல்லார் தலையையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். ஆச்சி தலையையும் சேர்த்துத்தான்!