யானைக்கும் அடி சறுக்கும்

"யானைக்கும் அடி சறுக்கும்" என்பது பழமொழி. சறுக்கிய யானை அதன்பின் என்ன செய்தது என்பதைப் பழமொழி சொல்லவில்லை. பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சி ஜேக்கபெல்லிஸின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

பனிமலையைக் கண்ணால் கண்டிராத எனக்கு அவருடைய விளையாட்டு புரியவே சில நாட்கள் பிடித்தன. இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு மலைச்சரிவில் நால்வர் ஒன்றாகப் பாய்ந்து இறங்குவார்கள். வழியெங்கும் வளைவுகள், மேடுகள், ஆளை ஆகாயத்தில் தூக்கி எறியும் ஏற்றங்கள். ஒருவர் விழுந்தால் பக்கத்தில் வருபவரும் விழ நேரிடலாம். கண் இமைக்கும் நேரத்தில் முதல்வர் கடைசியாகி விடுவார்!

1985-ல் அமெரிக்காவில் பிறந்த லிண்ட்சி, 2005-லேயே உலகப் பட்டத்தை வென்றவர். 2006-ல் இத்தாலி நாட்டின் டுரின் ஒலிம்பிக்கில் இப்பந்தயம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. இறுதிச் சுற்றில் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டு வந்தார். எல்லைக்கோடு நெருங்கிவிட்டது. அப்போது ஒரு தாவலில், தேவையே இல்லாமல், பலகையைக் கையால் பிடித்து அழகு காட்டினார். நிலைதடுமாறி விழுந்தார். சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் அவரைக் கடந்து தங்கத்தைப் பெற்றார். லிண்ட்சிக்கு வெள்ளி. சமநிலைக்காகவே பலகையைப் பிடித்ததாக முதலில் சொன்ன அவர், மகிழ்ச்சி மிகுதியால் செய்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அப்போது அவருக்கு வயது 20. அந்த நொடியை உலகம் மீண்டும் மீண்டும் திரையிட்டுப் பார்த்தது. செருக்கு என்றனர் சிலர். சிறுபிள்ளைத்தனம் என்றனர் சிலர். அவர் அடுத்த ஒலிம்பிக்குகளுக்கும் சென்றார். 2010-ல் ஐந்தாமிடம். 2012-ல் முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை. 2014-ல் அரையிறுதியில் முன்னணியில் வரும்போது விழுந்து ஏழாமிடம். 2018-ல் நான்காமிடம், வெண்கலம் தவறியது 0.003 வினாடியில்! ஒவ்வொரு முறையும் பழைய கதையே கிளறப்பட்டது.

2022 பிப்ரவரி 9. பெய்ஜிங் ஒலிம்பிக். 36 வயதில் லிண்ட்சி முதலாவதாக எல்லையைக் கடந்தார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் தங்கம்! மூன்று நாட்கள் கழித்து, ஆண்-பெண் இணைந்த கலப்புப் போட்டியில் 40 வயது நிக் பாம்கார்ட்னருடன் இரண்டாவது தங்கம். அந்த நிக், இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் தனிப்போட்டியில் காலிறுதியிலேயே தோற்றுக் கண்ணீர் சிந்தியவர். இருவர் வயதையும் கூட்டினால் 76!

"ஒரு தங்கம் பழைய பழியையெல்லாம் துடைத்துவிட்டது, பார்த்தாயா!" என்றார் என் தந்தை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2007, 2011, 2015, 2017 என மேலும் நான்கு முறை தனிப்போட்டியில் உலகப் பட்டம் வென்றவர் அவர். எக்ஸ் கேம்ஸ் என்னும் புகழ்பெற்ற போட்டியில் பத்துத் தங்கம். இத்தனையும் அவரிடம் இருக்க, உலகம் ஒரு நொடியை மட்டுமே நினைவில் வைத்திருந்ததே, அது யார் பிழை? பெய்ஜிங்கிலும் அவர் நான்காவதாக வந்திருந்தால் அந்தப் பதினாறு ஆண்டு உழைப்பு வீண் என்று சொல்லிவிடுவோமா?

இதைத் தந்தையிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "சொல்லமாட்டோம்; ஆனால் நாம் அவரைப் பற்றிப் பேசியிருக்கவும் மாட்டோம்" என்றார். அந்தப் பதில் என்னை இன்னும் விடவில்லை.

அன்புத் தோழியரே, நம் வகுப்பிலும் ஒரு தேர்வில் தவறியவள், மேடையில் பேச்சை மறந்தவள் என்று நாம் பெயர் வைத்துவிட்ட மாணவிகள் உண்டு. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் அவர்கள் செய்தவற்றை நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? பரிசு பெறும்போது அனைவரும் கைதட்டுவார்கள். நான்காவதாக வந்தவள் மறுநாள் காலையில் மீண்டும் பயிற்சிக்குப் புறப்படும்போது கைதட்ட ஒருவராவது வேண்டும். அந்த ஒருவராக நாம் இருப்போமே!