பிளக்கைக் கழற்றினீர்களா?



பெற்றார் கூட்டத்துக்கு வந்த சிலர் எங்களிடம் ஒன்று கேட்டார்கள். "அம்ப்ளிபயர் பின் அறை அலுமாரிக்குள்ள கிடக்கு, நீங்க மேடை மேசையில இருந்தே போடுறியளே, எப்படி?" வீட்டிலும் பள்ளிவாசலிலும் அப்படிச் செய்து பார்க்க அவர்களுக்கு விருப்பம். அதற்காகத்தான் இதை எழுதுகிறோம். செய்த முறையைச் சொல்கிறோம். செய்த பிழையையும் சொல்கிறோம். இரண்டில் பிழைதான் முக்கியம்.

அம்ப்ளிபயர் நாங்களே கட்டியது. விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்கள் இரண்டு பேர், தரம் 10, 11 பிள்ளைகள் சிலர், பழைய நிலைமாற்றி ஒன்று, கடையில் வாங்கிய போர்ட், ஒரு தகரப் பெட்டி. சின்னப் பிள்ளைகளின் கை படக்கூடாது என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலைக் கூட்டத்துக்கும் ஒருவர் திறப்போடு ஓட வேண்டியதாயிற்று. அதனால்தான் தூரத்தில் இருந்து போடும் ஏற்பாட்டைச் செய்தோம்.

வேலை பெரிதல்ல. 230 வோல்ட் கரண்டை மேடை வரைக்கும் இழுக்கக்கூடாது. மேசையில் ஒரு 12 வோல்ட் அடாப்டர், ஒரு சின்னச் சுவிச். அங்கிருந்து மெல்லிய இரட்டை வயர் முப்பது மீற்றர் ஓடி, பெட்டிக்குள் இருக்கும் ரிலேக்குப் போகும். ரிலேயின் சுருளுக்கு வேண்டியது ஏறத்தாழ 30 மில்லியம்பியர்தான். அவ்வளவு தூரத்திலும் கால் வோல்ட் கூட இழக்காது. சுருளுக்குக் கரண்ட் வந்ததும் "டிக்" என்று ரிலே மூடும், நிலைமாற்றிக்குப் போகும் லைவ் வயர் இணையும். சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோட் போட வேண்டும், அதன் வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்தும்போது சுருளில் எழும் உயர்ந்த வோல்ட் சுவிச்சைத் தின்னும், ஸ்பீக்கரிலும் "படக்" என்று கேட்கும்.

மேசை வயரை எலி கடித்தால் என்ன செய்வது? அதற்காகப் பெட்டியின் முகப்பிலும் ஒரு கைச் சுவிச் வைத்தோம். அதை ரிலேக்குச் சமாந்தரமாகப் பூட்டினோம். எது வேலை செய்தாலும் அம்ப்ளிபயர் பேசும். எங்களுக்குச் சரியான சந்தோசம்.

ஒரு நாள் ஸ்பீக்கர் வயர் ஒன்று கழன்றுவிட்டது. தரம் 11 பிள்ளை ஒருவர் முகப்புச் சுவிச்சை நிறுத்தினார். சத்தமில்லை, லைட்டில்லை. மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். அந்த நேரம் மேடையில் மைக் வைத்துக்கொண்டிருந்த சின்னவர் மேசைச் சுவிச்சைத் தட்டினார்.

"டிக்."

அந்தப் பிள்ளையின் விரலுக்கும் மூடாமல் கிடந்த 230 வோல்ட் முனைக்கும் இடையில் நாலு விரல்கடை தூரம் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் நின்றது நாங்கள்தான். தொடர்ச்சுற்று, சமாந்தரச் சுற்று என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் கீறுகிறவர்களும் நாங்கள்தான். சமாந்தரமாகப் பூட்டினால் யாரும் *போடலாம்*, ஆனால் ஒருவர் மட்டும் *நிறுத்த முடியாது*. பரீட்சைத் தாளில் பிள்ளை இதைப் பிழையாக எழுதியிருந்தால் புள்ளி குறைத்திருப்போம்.

அன்று பின்னேரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சோனகத்தெருவில் ஒரு நானாவிடம் போனோம். 90க்கு முதல் ரேடியோ திருத்தியவர். அந்த ஒக்டோபரில் வெளியேறும்போது, மற்றவர்கள் திருத்தக் கொடுத்த ரேடியோக்கள் கடை ராக்கையிலேயே கிடந்தன. புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் தன் கடையைவிட அந்த ரேடியோக்களைப் பற்றித்தான் அதிகம் கதைப்பாராம். அடுத்தவர் பொருளுக்கே அப்படிப் பொறுப்பாக நிற்கிற மனிசன் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு ஏசவில்லை.

"மகன், போடுறதுக்கு எத்தினை பேர் கையில வேணுமெண்டாலும் சுவிச்சைக் குடுங்க. நிப்பாட்டுற சுவிச் உள்ளுக்குக் கை வைக்கிறவன்ட பக்கத்தில இருக்கோணும். அவன் நிப்பாட்டினா வேற ஒருத்தராலயும் போட ஏலாது எண்டு இருக்கோணும்."

அவர் சொன்னபடி மாற்றினோம். பிளக்குக்குப் பிறகு பியூஸ், அதற்குப் பிறகு லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக வெட்டும் மெயின் சுவிச். அதற்குத் *தொடராக* ரிலே, பிறகுதான் நிலைமாற்றி. அடாப்டரைப் பெட்டிக்குள், மெயின் சுவிச்சுக்குப் பின்னால் கொண்டுவந்தோம். மேசையில் இப்போது வெறும் சுவிச் மட்டும்தான். பழைய கைச் சுவிச்சுக்குப் பதிலாக 12 வோல்ட் பக்கத்தில் மூன்று நிலைச் சுவிச் ஒன்று: மேலே தட்டினால் கையால், கீழே தட்டினால் மேசையால், நடுவில் விட்டால் ஓப். தகரப் பெட்டிக்கு எர்த், 230 வோல்ட் முனைகளுக்கு மூடி. மெயின் சுவிச்சை நிறுத்தினால் மேசையில் நின்று எத்தனை தரம் தட்டினாலும் "டிக்" வராது.

அதையும் முழுக்க நம்ப வேண்டாம் என்றார் நானா. பெரிய நிலைமாற்றி போட்ட கணத்தில் வழமையைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அதில் ரிலேயின் முனைகள் ஒட்டிப்போகலாம், சுவிச்சும் பழுதாகலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கொள்ளளவிகளில் மின்னேற்றம் நிற்கும். அது இறங்கும் வரைக்கும் பொறுத்து, மீற்றரால் அளந்து பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இன்னொன்று: மேசைச் சுவிச்சை நிறுத்த மறந்துவிட்டால், கரண்ட் போய் வரும்போது அம்ப்ளிபயர் தானாக எழும்பும். 2022இன் கரண்ட் வெட்டு நாட்களை நினைத்துப் பாருங்கள்.

இப்போது எங்கள் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. அந்தத் தரம் 11 பிள்ளைதான் எழுதி ஒட்டினார். "பிளக்கைக் கழற்றினீர்களா? எங்கே, காட்டுங்கள்." மூடியைக் கழற்ற வருகிறவர் பிளக்கை மற்றவருக்குக் கையில் பிடித்துக் காட்ட வேண்டும். சேர்மாருக்கும் இதே சட்டம்தான். போன கிழமை எங்களில் ஒருவர் மறந்துபோனார், தரம் 6 பிள்ளை மறித்துவிட்டது.

உங்கள் பள்ளிவாசலில், வாசிகசாலையில், கோயிலில், கலியாண மண்டபத்தில் இப்படி இரண்டு இடத்தில் சுவிச் வைத்த அம்ப்ளிபயர் இருந்தால், வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இதில் ஒன்றை நிறுத்தினால் மற்றதால் போட முடியுமா? "முடியும்" என்றால், பெட்டியைத் திறக்க முதல் பிளக் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

எங்களைக் கூப்பிட்டாலும் வருவோம். நானாவையும் கூட்டிவருவோம்.